மணிக்கு 10 சென்ட்: ஜாக் லண்டன் எழுத்தாளரான கணக்கு

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒரு டப்பா உணவு ஆலையில் சேர்ந்தபோது ஜாக் லண்டனுக்கு வயது 15. கூலி மணிக்கு 10 சென்ட். அதன்பின் சிப்பி திருடினான், திருடர்களைப் பிடிக்கும் ரோந்துப் படகில் ஏறினான், பசிபிக் கடலைத் தாண்டி ஜப்பான் பக்கம் போய் வந்தான். 1893-இல் ஊர் திரும்பி ஒரு சணல் ஆலையில் நின்றபோது அங்கே அவனுக்குக் கொடுத்த கூலி என்ன தெரியுமா? மணிக்கு அதே 10 சென்ட்.

பனியையும் ஓநாய்களையும் வைத்து உலகம் முழுக்க வாசகர்களைச் சேர்த்த ஒருவரின் இளமையைப் பேச வந்துவிட்டுக் கூலிக் கணக்கில் தொடங்குவது பொருத்தமில்லாமல் தோன்றலாம். அவரது முதல் 23 ஆண்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது சாகசத்தைவிட இந்தக் கணக்குதான். தன் உடம்பு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விலை போகும் என்பதைச் சிறு வயதிலேயே துல்லியமாகத் தெரிந்துகொண்டவர் அவர். எழுத்துக்கு வந்ததும் அந்தக் கணக்கோடுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரே பின்னால் எழுதியது. நாடோடி வாழ்க்கையைப் பற்றி 1907-இல் ஒரு புத்தகம், குடிப்பழக்கத்தை வைத்து 1913-இல் ஒன்று. கதை சொல்லிப் பிழைத்தவர் தன் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் மசாலா சேர்த்திருக்க மாட்டாரா? சேர்த்திருப்பார். அதனால் பதிவேடு எங்கே அவருக்குத் துணை நிற்கிறது, எங்கே அவர் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 15 வயதுப் பையனை ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை. சிறு வயது ஜாக்கை ‘அவன்’ என்றே எழுதுகிறேன். எந்த இடத்தில் ‘அவர்’ ஆக்குவது என்று ஒரு குழப்பம் இருந்தது. கடைசியில் ஓர் இடம் கிடைத்தது.

இரண்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள்

1876 ஜனவரி 12, சான் பிரான்சிஸ்கோ. அம்மா ஃப்ளோரா வெல்மன், ஒஹையோ மாநிலத்து மாசிலன் ஊரில் வசதியான வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த டைஃபாய்டு அவரது வளர்ச்சியையே நிறுத்திவிட்டது என்பார்கள். வீட்டை விட்டு வெளியேறி மேற்கே வந்து, சான் பிரான்சிஸ்கோவில் பியானோ சொல்லிக்கொடுத்தார். ஆவிகளோடு பேசும் கூட்டங்களும் நடத்தினார். வில்லியம் சேனி என்ற ஜோசியரோடு சேர்ந்து வாழ்ந்தார். 1875 ஜூனில் ஃப்ளோரா துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு காயத்தோடு தப்பிய செய்தி அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது. சேனி கருவைக் கலைக்கச் சொன்னார், மறுத்ததும் துரத்திவிட்டார் என்பது ஃப்ளோரா தரப்பு. சேனி ஊரை விட்டே போனார்.

இருவரும் சட்டப்படி மணந்தவர்களா? சொல்ல முடியாது. 1906 நிலநடுக்கத்தில் மூண்ட தீயில் நகரத்தின் ஆவணங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஜாக் பிறந்த வீடும் அதில்தான் எரிந்தது.

பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நிலையில் ஃப்ளோரா இல்லை. வர்ஜீனியா ப்ரென்டிஸ் என்ற கறுப்பினப் பெண் செவிலித்தாயாக வந்தார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். பெற்ற தாய் கொடுக்காத அரவணைப்பை இவர்தான் கொடுத்தார் என்று ஜாக்கின் வாழ்க்கையை எழுதிய பலரும் சொல்கிறார்கள். வளர்ந்த பிறகும் அந்த உறவு விடவில்லை. பிற்காலத்தில் வெள்ளை இனமே உயர்ந்தது என்று எழுதவும் பேசவும் செய்த லண்டனைப் படிக்கும்போது எனக்கு இந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும். அந்த முரணுக்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆவதற்குள், 1876 செப்டம்பரில், ஃப்ளோரா ஜான் லண்டன் என்பவரை மணந்தார். உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர், உடல்நலம் குன்றியவர், மனைவியை இழந்தவர். இரண்டு பெண் குழந்தைகளை அநாதை இல்லத்தில் விட்டிருந்தார். மூத்தவள் எலைசா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இந்தக் கதையில் இரண்டு மூன்று இடங்களில் பணம் தேவைப்படும்போதெல்லாம் எலைசா வந்து நிற்பாள், கவனியுங்கள்.

ஜான் லண்டன் நல்ல மனிதர், நல்ல விவசாயி. ஃப்ளோராவுக்கோ எப்போதும் பெரிய திட்டங்கள். சீக்கிரம் பணக்காரர் ஆகும் வழி ஏதாவது ஒன்று அவர் கையில் இருந்துகொண்டே இருக்கும், குலுக்கல் சீட்டு உட்பட. அலமீடா, சான் மட்டேயோ, லிவர்மோர் என்று வீடும் பண்ணையும் மாறிக்கொண்டே போயின. லிவர்மோரில் பண்ணை கையை விட்டுப் போக, 1886 வாக்கில் குடும்பம் ஓக்லண்டுக்குத் திரும்பியது.

லிவர்மோரில் இருந்தபோது ஒரு கிழிந்த நாவல் பையன் கையில் கிடைத்தது. ஊய்டா என்ற ஆங்கிலேயப் பெண் எழுத்தாளரின் ‘சிக்னா’. இத்தாலியில் ஓர் ஏழைப் பையன் இசை மேதையாகும் கதை. கடைசி 40 பக்கம் இல்லை. முடிவு தெரியாமலே பல தடவை படித்தான். தன் எழுத்து வெற்றிக்கான காரணங்களைப் பட்டியலிட்டபோது அவர் இந்தப் புத்தகத்தையும் அதில் சேர்த்தார். கடைசிப் பக்கங்கள் இருந்திருந்தால் ஏழைப் பையனுக்கு நேர்ந்த முடிவும் தெரிந்திருக்கும். அது இனிமையான முடிவு இல்லை. கிழிந்ததும் நல்லதுதான்.

ஓக்லண்டில் பொது நூலகம் இருந்தது. அங்கே நூலகராக இருந்தவர் ஐனா கூல்பிரித், கவிஞர், பின்னாளில் கலிஃபோர்னியாவின் அரசவைக் கவிஞரானவர். பெருவை வென்ற பிசாரோவைப் பற்றிய வரலாற்று நூலை அந்தப் பத்து வயதுப் பையன் எடுத்துவந்து நீட்டியபோது, ‘நல்ல புத்தகம்’ என்று ஒரு வார்த்தை பாராட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1906-இல், உலகப் புகழ் பெற்றிருந்த லண்டன் அவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஒரு வார்த்தையை நினைவுகூர்ந்தார். நான் படிக்கும் புத்தகத்தைப் பாராட்டிய முதல் ஆள் நீங்கள்தான் என்கிற பொருளில். வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

300 டாலர் கைமாற்று

பேப்பர் போடுவது, ஐஸ் வண்டியில் எடுபிடி, பந்து உருட்டி ஆடும் கூடத்தில் விழுந்த கட்டைகளை நிமிர்த்தி வைப்பது. சம்பாதித்ததெல்லாம் அம்மா கைக்குப் போனது. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அடுத்து அந்த டப்பா ஆலை. மாதக்கணக்கில் பார்த்தாலும் பத்து மணி நேரத்துக்குக் குறைந்த நாளே இல்லை என்று பிறகு எழுதினார். ஒரு தடவை 36 மணி நேரம் தொடர்ச்சியாக நின்றதாகவும் சொல்கிறார். 36 என்பது சரியா, சற்றுக் கூடுதலா, நமக்குத் தெரிய வழியில்லை. குழந்தைத் தொழிலாளரை யாரும் கணக்கில் எழுதி வைக்காத காலம்.

குதிரைகூட இவ்வளவு உழைக்காது என்று பட்டபோது பையன் போய் நின்றது செவிலித்தாயிடம். வர்ஜீனியா ப்ரென்டிஸ் தன் சேமிப்பிலிருந்து 300 டாலர் கைமாற்றாகக் கொடுத்தார். மணிக்கு 10 சென்ட் கணக்கில் 300 டாலர் என்றால் 3,000 மணி நேரம். அதைக் கொண்டு ‘ராஸில் டாஸில்’ என்ற பாய்மரப் படகை வாங்கினான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தனியார் வளர்க்கும் சிப்பிப் படுகைகளில் இரவில் இறங்கி அள்ளி, காலையில் ஓக்லண்டில் விற்பதுதான் தொழில். ஆலையில் பல வாரம் நின்று வாங்கும் பணம் ஒரே ராத்திரியில் கிடைத்தது.

15 வயதில் சொந்தப் படகு. கூடவே சாராயக் கடை சகவாசம். குடித்தால்தான் ஆம்பளை என்ற கூட்டத்தில் சின்னவனாக இருந்ததால் எல்லோரையும்விட அதிகம் குடித்தான். படகின் பாய் ஒரு சண்டையில் எரிந்துபோனது. அடுத்து எதிர்ப்பக்கம் போய், மீன்வள ரோந்தில் உதவியாளாகச் சேர்ந்தான். ஒரு நாள் நடுராத்திரி போதையில் பெனிசியா துறையில் தண்ணீருக்குள் விழுந்து, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போக, ‘சரி, இப்படியே போய்விடலாம்’ என்று மிதந்திருக்கிறான். விடியும்போது போதை தெளிந்தது, சாக மனம் வரவில்லை. ஒரு கிரேக்க மீனவர் தன் படகில் தூக்கிப் போட்டார். இதற்கு லண்டனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் இந்த அத்தியாயத்தில் தன்னைப் பற்றி அவர் பெருமையாக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதால் நான் நம்புகிறேன்.

மூன்று ராத்திரிக்கு 25 டாலர்

1893 ஜனவரியில் 17 வயது முடிந்தது. ‘சோஃபியா சதர்லண்ட்’ என்ற கடல்நாய் வேட்டைக் கப்பலில் தேர்ந்த மாலுமி என்று பதிவு செய்துகொண்டு ஏறினான். விரிகுடாவைத் தாண்டியறியாத பையன் செய்த துணிச்சலான பொய் அது. போனின் தீவுகள், ஜப்பான் கரை, ஏழு மாதம். ஆகஸ்டில் திரும்பியபோது அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. 1893 நெருக்கடி என்று வரலாற்றில் சொல்வது இதைத்தான். கிடைத்த வேலை அந்தச் சணல் ஆலை. சில மாதங்களில் நாளுக்கு ஒன்றேகால் டாலர் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆக்கவில்லை.

அந்தச் சமயத்தில் சான் பிரான்சிஸ்கோ ‘மார்னிங் கால்’ பத்திரிகை இளைஞர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. எழுது என்று விரட்டியவர் அம்மா ஃப்ளோரா. அன்பு காட்டத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவருக்கு, மகன் சொல்லும் கடல் கதைகளில் காசு இருப்பது தெரிந்திருக்கிறது. ஆலையிலிருந்து வந்து நடுராத்திரி உட்கார்ந்தான். காலை ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். முதல் இரவிலேயே 2,000 சொற்கள். போட்டிக்கு அனுமதித்த அளவே அவ்வளவுதான், விஷயமோ பாதிகூட முடியவில்லை. இரண்டாம் இரவு இன்னொரு 2,000. மூன்றாம் இரவு வெட்டிச் சுருக்கினான். ஜப்பான் கரையருகே கப்பல் மாட்டிக்கொண்ட சூறாவளிதான் விஷயம். முதல் பரிசு, 25 டாலர். இரண்டாம், மூன்றாம் பரிசுகள் ஸ்டான்ஃபோர்டிலும் பெர்க்லியிலும் படித்த மாணவர்களுக்குப் போயின. 1893 நவம்பர் 12-ஆம் தேதி இதழில் கட்டுரை அச்சாகியிருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை.

இங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 டாலர் என்றால் சணல் ஆலையில் 250 மணி நேரம். அதை மூன்று ராத்திரியில் சம்பாதித்துவிட்டான். உடனே இன்னொன்றை எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்பினான். திரும்பி வந்துவிட்டது.

எழுத்து சோறு போடாது என்று தோன்றியதாலோ என்னவோ, ஒரு தொழில் கற்க நினைத்தான். மின்சாரம்தான் எதிர்காலம். ஓக்லண்டில் தெரு ரயிலுக்கு மின்சாரம் தரும் நிலையத்துக்குப் போய் எலக்ட்ரீஷியனாக வேண்டும் என்றான். மேலாளர் தட்டிக்கொடுத்து, அடியிலிருந்து தொடங்கு தம்பி என்று கரி அள்ள விட்டார். மாதம் 30 டாலர், மாதத்தில் ஒரு நாள் லீவு. மணிக்கட்டு வீங்கி, தோல் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்தான். கொஞ்ச நாள் கழித்து அங்கிருந்த ஒருவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள், ஆளுக்கு 40 டாலர் என்று வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரின் இடத்தில்தான் இவன் ஒருத்தன். 80 டாலர் வேலை 30 டாலருக்கு. நிர்வாகத்துக்கு மாதம் 50 டாலர் மிச்சம். உழைத்தால் முன்னேறலாம் என்று பள்ளியில் சொன்னதை மனதார நம்பிய பையன் அவன். அந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

பெயரைக்கூடத் தப்பாக எழுதிய சிறை

1894 வசந்தத்தில் வேலை கேட்டு வேலையில்லாதோர் படைகள் வாஷிங்டனை நோக்கிக் கிளம்பின. ஓக்லண்டிலிருந்து கிளம்பியது கெல்லி என்பவரின் படை. ஜாக் அதைத் தவறவிட்டு, சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு பின்தொடர்ந்து போய்ச் சேர்ந்தான். நம் ஊர் பாஷையில் வித்தவுட். டிக்கெட் பரிசோதகர் இருக்கும் ரயிலில் வித்தவுட் போவது வேறு, ஓடும் சரக்கு ரயிலின் அடியில் படுத்துப் போவது வேறு.

மே மாதம் மிசூரி மாநிலத்து ஹானிபால் ஊரில் படையை விட்டுக் கழன்றான். பசி தாங்கவில்லை. மார்க் ட்வைன் வளர்ந்த ஊர் அது. அந்த ட்வைனின் பதிப்பகம் அதற்கு முந்தைய மாதம்தான் திவாலாகியிருந்தது. எழுத்தில் காசு பார்க்கலாம் என்று பிற்பாடு நம்பப்போகிற பையனுக்கு அந்தச் செய்தி எட்டியிருக்க வாய்ப்பில்லை.

ஜூன் இறுதியில் நயாகரா அருவியைப் பார்த்துவிட்டு ஒரு வயலில் தூங்கினான். காலையில் போலீஸ் பிடித்தது. 16 நாடோடிகள் வரிசையாக நின்றார்கள். ஓர் ஆளுக்கு 15 விநாடி என்ற கணக்கில் நீதிபதி ஆளுக்கு 30 நாள் கொடுத்துக்கொண்டே போனார் என்கிறார் லண்டன். வாயைத் திறந்தபோது ‘வாயை மூடு’. பஃபலோ ஊரில் ஈரி மாவட்டச் சிறை. இங்கே பதிவேடு அவருக்குக் கைகொடுக்கிறது. 1894 ஜூன் 29-இல் உள்ளே போனதற்குப் பதிவு இருக்கிறது. வயது 18, தொழில் மாலுமி, மதம் நாத்திகம். பெயரில் மட்டும் எழுத்துப் பிழை.

உள்ளே அவன் என்ன செய்தான் என்பதுதான் இந்த வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. சில நாட்களில் கூடத்துக்குப் பொறுப்பான கைதி ஆகிவிட்டான். மற்ற கைதிகளுக்கு ரொட்டியைப் பங்கிடுவது அந்த வேலை. மிஞ்சும் ரொட்டியைக் கொடுத்துப் புகையிலை வாங்குவது, புகையிலையைக் கொடுத்து வேறொன்று வாங்குவது. பசித்தவனிடம் லாபம் பார்த்தோம், வெளியே முதலாளிகள் செய்வதைத்தான் உள்ளே நாங்கள் செய்தோம் என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். சோஷலிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் இதை மறைத்திருக்கலாம். மறைக்காமல் விட்டதால்தான் நாடோடிப் புத்தகத்தின் மீதிப் பகுதிகளையும் நான் கொஞ்சம் நம்பிப் படிக்கிறேன்.

அந்தப் புத்தகத்திலேயே கதை எழுதும் கலையை எங்கே கற்றேன் என்பதையும் சொல்கிறார். பிச்சையெடுத்தபோதுதான். கதவு திறந்த அரை நிமிடத்துக்குள் எதிரே நிற்பவரின் முகத்தைப் படித்து, அவருக்கு ஏற்ற கதையைச் சொன்னால்தான் சோறு. கிழவிக்கு ஒரு கதை, கடைக்காரருக்கு வேறு கதை. கனடாவில் வினிபெக் ஊரில் போலீஸிடம் மாட்டியபோது, கப்பலிலிருந்து தப்பி வந்த மாலுமி என்று அளந்துவிட்டான். அவர்கள் சும்மா இருக்கவில்லை, உலகம் சுற்றிய ஒரு கிழ மாலுமியைக் கூட்டிவந்து சோதிக்க வைத்தார்கள். கிழவர் ரங்கூனைப் பற்றிக் கேட்டார். பையன் ரங்கூனைப் பார்த்ததே இல்லை. எதையும் விவரிக்காமல், எங்கள் மூன்றாம் அதிகாரியைக் காய்ச்சலோடு அங்கேதான் இறக்கினோம் என்று சொல்லித் தப்பித்தான். இந்தச் சம்பவம் அப்படியே நடந்ததோ இல்லையோ, தெரியாத இடத்தில் ஒரே ஒரு நம்பகமான விவரத்தை மட்டும் வைத்துவிட்டு நகர்வது அவர் கதைகளில் கடைசிவரை இருக்கிறது.

சிறையில் கண்ட மனிதர்களைப் பற்றி 1903-இல் எழுதினார். ஒரு காலத்தில் தன்னைப் போலவே வலுவாக இருந்த மாலுமிகள், தொழிலாளிகள். கை போனது, கால் போனது, வயதானது. வேலை கொடுத்தவன் கைவிட்டான். சமூகம் ஒரு குழி என்றால், இவர்கள் அதன் அடியில் கிடந்தார்கள். உடம்பை விற்க விற்கத் தானும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருப்பதாகப் பையனுக்குப் பட்டது. இனி அவசியத்துக்கு மேல் ஒரு நாள்கூட உடலால் உழைப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டான். சோஷலிஸ்ட் ஆனதும் படிக்கத் திரும்பியதும் ஒரே பயத்தின் இரண்டு பக்கம்.

பள்ளி, வெள்ளாவி, பனி

19 வயதில் ஓக்லண்ட் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அதே பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலையும் பார்த்தான். பள்ளிப் பத்திரிகையில் போனின் தீவுகளைப் பற்றி எழுதினான். மெதுவாகப் போகிறது என்று ஒரு தனிப்பயிற்சிக் கூடத்துக்கு மாறினான். இரண்டு வருடப் பாடத்தை நாலு மாதத்தில் விழுங்குவதைப் பார்த்து மற்ற பிள்ளைகளின் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று பயந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து 12 வாரம், நாளுக்கு 19 மணி நேரம் படித்ததாகச் சொல்கிறார். 1896-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில் காசில்லாமல் வெளியே வந்தான். பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

வெளியே வந்ததும் ஒரே மூச்சாக எழுத ஆரம்பித்தான். நாளுக்கு 15 மணி நேரம். கட்டுரை, கவிதை, நாடகம், கதை என்று எதையும் விடவில்லை. எலைசாவின் கணவருக்கு ஒரு பழைய தட்டச்சு இயந்திரம் இருந்தது. பகலில் அவர் பயன்படுத்துவார், இரவில் இவன். பெரிய எழுத்து மட்டுமே விழும் இயந்திரம், விரலால் குத்த வேண்டும், அடி வாங்கிய விரல்கள் கொப்புளித்தன. ஒன்றுகூட விற்கவில்லை.

1897 ஜூனில் சேனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெற்றவர் நீங்கள்தானா என்று ஜாக் எழுதிக் கேட்டிருந்தான். இல்லை, அந்தக் காலத்தில் எனக்கு அதற்கான சக்தியே இல்லை, வறுமையும் மூளை உழைப்பும்தான் காரணம் என்று அந்த ஜோசியர் பதில் எழுதினார். ஆய்வாளர்கள் பெரும்பாலோர் அவரை நம்புவதில்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபோது பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம். அவன் அதைப் பற்றி வெளியே எழுதவில்லை.

அந்த ஆண்டு பெல்மாண்ட் என்ற ஊரில் ஒரு தனியார் பள்ளியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தான். சாப்பாடு போட்டு மாதம் 30 டாலர், வாரத்துக்கு 80 மணி நேரம். மாணவர்களின் வெள்ளைக் கால்சட்டைகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்க்க வேண்டும். ஓய்வில் படிக்கலாம் என்று ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோயிருந்தான். ஒன்றையும் படிக்க முடியவில்லை. இரவில் கையில் எடுத்தால் தூங்கிவிடுவான். குழி என்று அவன் சொன்னதற்கு என் கண்ணில் தெரியும் படம் இந்தப் பெட்டிதான்.

ஜூலையில் கனடாவின் வடமேற்கே க்ளோண்டைக்கில் தங்கம் கிடைத்த செய்தி பரவியது. எலைசா மறுபடி வந்தாள். வீட்டை அடகு வைத்துப் பணம் புரட்டினாள். ஜூலை 25-இல் ஜாக்கும் எலைசாவின் கணவரும் கப்பல் ஏறினார்கள். சுமார் 60 வயதான அந்த மனிதர் சில்கூட் கணவாயின் ஏற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கனடா எல்லையில் ஒரு வருடத்துக்கான சாமான் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். அதை முதுகில் சுமந்து, இறக்கி, திரும்பிப் போய் அடுத்த மூட்டை. உடல் உழைப்பே வேண்டாம் என்று சபதம் எடுத்தவன் வாழ்நாளிலேயே அதிகம் சுமந்தது இங்கேதான். ஆனால் இந்தச் சுமைக்குக் கூலி நிர்ணயிக்க எவனும் இல்லை.

ஸ்டூவர்ட் ஆறு யூகானில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு தீவில் பனிக்காலம் முழுதும் மரக்குடிலில் கழிந்தது. ஹென்டர்சன் ஓடையில் ஒரு துண்டு நிலத்தை டாசன் நகரில் பதிவு செய்தான். தங்கம் பெரிதாக இல்லை. டாசனில் தங்கியிருந்தபோது பாண்ட் சகோதரர்கள் இருவரின் குடிலுக்குப் பக்கத்தில் கூடாரம். அவர்களிடம் ஒரு பெரிய நாய் இருந்தது. அவர்களின் அப்பா ஒரு நீதிபதி, கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவில் பண்ணை வைத்திருந்தார். தமிழில் பெரியசாமித் தூரன் மொழிபெயர்ப்பில் லண்டனின் நாய்க் கதையான ‘கானகத்தின் குரல்’ படித்தவர்களுக்கு அந்த நீதிபதியும் பண்ணையும் நாயும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பனிக்காலத்தில் வேலை குறைவு. குடிலுக்குக் குடில் போய்ப் பேசுவதுதான் பொழுது. பழைய சுரங்கக்காரர்கள் பேசுவார்கள். இந்த 21 வயதுக்காரன் கேட்டுக்கொண்டே இருப்பான். 1898-இல் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, கால் மரத்துப் போனது. ஜூனில் ஒரு சிறு படகில் யூகான் ஆற்றோடு கடல்வரை ஏறக்குறைய 1,500 மைல் கீழே வந்தான். வழியில் அன்விக் என்ற இடத்தில் கிடைத்த உருளைக்கிழங்கும் ஒரு டப்பா தக்காளியும் கொஞ்சம் தெம்பு கொடுத்தன. கொண்டுவந்த தங்கத்தூளின் மதிப்பு நாலரை டாலர். ஊருக்கு வந்தபோது ஜான் லண்டன் இல்லை. முந்தைய அக்டோபரிலேயே இறந்துபோயிருந்தார்.

85.38

வீட்டில் அம்மாவும் ஒரு சின்னப் பையனும். பையன் எலைசாவின் தங்கை ஐடாவின் மகன். சோறு போடும் பொறுப்பு இப்போது ஜாக்குடையது. வேலை தேடினான், கிடைக்கவில்லை. யூகான் பயணத்தைக் கட்டுரையாகத் தரட்டுமா என்று ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கேட்டான். அலாஸ்கா மோகம் ஓய்ந்துவிட்டது என்று பதில் வந்தது. சைக்கிள், கடிகாரம், அப்பாவின் நினைவாக வைத்திருந்த மழை அங்கி எல்லாம் அடகுக் கடைக்குப் போயின.

அக்டோபரில் தபால்காரர் வேலைக்குத் தேர்வு எழுதினான். 85.38 மதிப்பெண், பட்டியலில் முதலிடத்தில். மாதம் 65 டாலர். இதுவரை இந்தப் பக்கத்தில் வந்த எந்தக் கூலியைவிடவும் அதிகம். கரி அள்ளியதற்கு இரண்டு மடங்குக்கு மேல்.

காலியிடம் வரும்வரை எழுதிக்கொண்டிருந்தான். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கதைகளைக் கையால் படியெடுத்துப் பார்த்து வாக்கியம் எப்படி ஓடுகிறது என்று கற்றான். பத்திரிகைகள் ஆயிரம் சொல்லுக்குக் குறைந்தது 10 டாலர் தருகின்றன என்று எங்கோ படித்திருந்தான். அப்படியானால் சொல்லுக்கு ஒரு சென்ட். பத்து சொல் எழுதினால் சணல் ஆலையில் ஒரு மணி நேரம். ‘ஓவர்லேண்ட் மந்த்லி’ ஒரு வடபனிக் கதையை ஏற்றுக்கொண்டதாக மெல்லிய உறையில் கடிதம் வந்தது. சுமார் 4,000 சொல், 40 டாலர் என்று நெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டே பிரித்தான். உள்ளே இருந்த தொகை 5 டாலர்.

அன்று அவன் எழுத்தை விட்டுவிட முடிவெடுத்ததாகச் சொல்கிறார். ‘பிளாக் கேட்’ என்ற இன்னொரு பத்திரிகையின் கடிதம்தான் காப்பாற்றியது. கதை நீளம், பாதியாக வெட்ட அனுமதித்தால் 40 டாலர் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பணத்தை அனுப்புங்கள் என்பதுதான் அவன் பதில். இந்தக் கூலிக்காரப் பழக்கம் பின்னாலும் போகவில்லை. 1903-இல் ‘கானகத்தின் குரல்’ என்ற அந்த நாய்க் கதையின் நூல் உரிமையை மேக்மிலன் பதிப்பகத்துக்கு மொத்தமாக 2,000 டாலருக்குக் கொடுத்தார். லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். உரிமைத்தொகை என்று வைத்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். கைக்கு வரும் காசுதான் காசு என்று 15 வயதில் படிந்த புத்தி.

1899 ஜனவரியில் தபால் துறையிலிருந்து அழைப்பு வந்தது. கதை அச்சான இதழும் அதே மாதம் கடைக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் மாதம் 65 டாலர், சாகும்வரை நிச்சயம். மறுபக்கம் 5 டாலரும் ஒரு 40 டாலரும், அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அம்மா, பையன், அடகுச் சீட்டுகள்.

தபால் அலுவலகத்துக்குப் போய், உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். இந்த முறை என்னைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுங்கள், அடுத்த காலியிடத்தில் நான் வந்துவிடுகிறேன். அதிகாரிக்கு எரிச்சல்.

“அப்ப வேலை வேண்டாமா?”

“வேண்டும் சார். இந்தத் தடவை மட்டும்...”

“வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.”

அந்தக் குரலைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. அந்த மனிதர் அப்படிப் பேசியது என் அதிர்ஷ்டம் என்கிறார். கொஞ்சம் தன்மையாகப் பேசியிருந்தால் ஒருவேளை ஓக்லண்டுக்கு ஒரு நல்ல தபால்காரர் கிடைத்திருப்பார்.

“சரி, வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஜாக் லண்டன் வெளியே வந்தார்.